பைன் மரங்களுக்குப் பின்னால் ஒரு முகவரி

1996 ஏப்ரல் 14, ஞாயிறு

அன்புள்ள ஹார்லன் அண்ணா,

முதலில், உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். ஐயா, உள்ளே அரம் இல்லை, ரம்பம் இல்லை. அறுவை மட்டும்தான் இருக்கிறது. தாராளமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

டேய் அண்ணா, உட்கார்ந்துகொள். நான் ஒரு வீடு வாங்கிவிட்டேன். பதினாறு வயதில் வீடு வாங்கியவள் இந்த மிச்சிகன் மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு ஒரு அறை, இரண்டு சக்கரம், நிறைய ஓட்டை.

எல்சிங்காவின் புளூபெர்ரித் தோட்டத்து மூலையில் ஒரு பழைய ட்ரெய்லர் கிடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்களே, அந்த மாதிரி. ஐம்பத்தாறில் செய்தது. பக்கவாட்டில் நிற்கவைத்த ஹாம் (பன்றி இறைச்சி) டின் போல உருண்டையாக இருக்கும். அதில் இத்தனை நாள் அவருடைய கோழிகள் குடியிருந்தன.

"இத வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?" என்றார்.

"கோழிங்ககிட்ட பழைய வாடகை பாக்கிய வசூல் பண்ணப் போறேன்."

"முட்டையாத்தான் குடுக்கும்."

விலையாக நான் ஜூலை முழுக்க அவர் தோட்டத்தில் பழம் பறிக்க வேண்டும். டிராக்டரில் கட்டி அவரே இழுத்து வந்து விட்டார். வழியெல்லாம் இறகு பறந்தது. பின்னால் வந்த பாஸ்டரின் கார் தலையணைக்குள் புகுந்து வந்த மாதிரி வந்தது.

எதற்கு வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குச் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சொன்னாயே: அக்டோபரில் பரோல் வாரியம் கேட்கும், வெளியே வந்தால் எங்கே தங்குவாய் என்று. ஒரு முகவரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். சொல்லிவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா உன்னை வீட்டுக்குள் விட மாட்டார். சரி, வீட்டுக்குள் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால்?

அப்பா வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். "என்ன இது?"

"ட்ரெய்லர்தான்பா இது. முழுப்படம் அக்டோபர்ல."

சிரிக்கவில்லை. நம் அப்பா சிரித்தால் அது செய்தித்தாளில் வரும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "பைன் மரத்துக்குப் பின்னாடி தள்ளு. ரோட்டுலேர்ந்து தெரியக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணா! நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்? சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடிக்கலாமா என்று அம்மா ஒரு வாரம் கேட்டாள். அப்பா வாயே திறக்கவில்லை. சனிக்கிழமை மஞ்சள் வண்ண டப்பாவோடு வந்து நின்றார். ஹூக்ஸ்மா குடும்ப அகராதியில் 'சரி' என்ற சொல்லே கிடையாது. இருந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

நீ ட்ரெய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். எங்கே ஆரம்பிக்க வேண்டும், சொல்லு. சீக்கிரம் எழுது. எனக்குக் கை அரிக்கிறது. (கோழிப் பேனாகவும் இருக்கலாம்.)

உன் தங்கை,
வீட்டு உரிமையாளர் ட்ரீனா


ஏப்ரல் 23

ட்ரீனா,

திருப்பிக் கொடுத்துவிடு.

அந்த வண்டிகளை எனக்குத் தெரியும். வெளியே அலுமினியத் தகடு பளபளக்கும். உள்ளே சட்டமெல்லாம் மரம், விரல் பருமன்தான். ஒரு திருகாணி வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், பத்து வருடத்தில் கேக் மாதிரி ஆகிவிடும். உன்னுடையது நாற்பது வருடம் நின்றிருக்கிறது. உன் ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. வேலை முடிந்தாலும் அங்கே எனக்கு இடம் இருக்கப் போவதில்லை. உனக்கும் தெரியும்.

நீ எப்படியும் கேட்க மாட்டாய். அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உள்ளே இருக்கும் அலமாரிகளைத் தொடாதே. அவற்றை உள்ளே கொண்டுபோய் மாட்டியதில்லை. முதலில் தரை, அப்புறம் அலமாரி, அதன் மேல் சாய்த்துச் சுவர், கடைசியில்தான் கூரை. இப்படித்தான் நாங்கள் கட்டினோம். சுவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அலமாரிதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அழுகிப்போயிருந்தாலும் அதுதான் நிறுத்தி வைத்திருக்கிறது. முதலில் வெளித்தகட்டைக் கழற்று. வெளியிலிருந்து உள்ளே போ.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை.

ஹார்லன்


ஏப்ரல் 27

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. 'அலமாரிகளைத் தொடாதே' என்று எழுதியிருக்கிறாய். நேற்றுதான் தொட்டேன்.

தொட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். கடப்பாரையால் தொட்டேன். நாற்றம் தாங்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்தது, கட்டிலுக்குக் கீழே இருந்தது, துணி மாட்டும் அலமாரி, எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே எறிந்தேன். பெருமையாக நடுவில் நின்று இடுப்பில் கை வைத்தேன். எங்கேயோ 'கிர்ர்' என்றது. வயிறு என்று நினைத்தேன். வயிறு இல்லை, வலதுபக்கச் சுவர். பிறகு இடதுபக்கச் சுவர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு கூரை கீழே வந்து என் தலையில் உட்கார்ந்தது.

இரண்டு கையாலும் தலையாலும் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். விட்டால் எல்லாம் விழும். விடாவிட்டால் நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் அங்கேயே தூணாக நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாடத் தெரிந்த சங்கீதங்களெல்லாம் தீர்ந்துபோயின.

அப்பாவின் லாரி வரும் சத்தம் கேட்டது. கூப்பிடக்கூடாது என்று நினைத்தேன். கூப்பிட்டேன்.

வந்தார். வாசலில் நின்று பார்த்தார். இப்போது திட்டுவார், இதுதான் சாக்கு, நாளைக்கே எல்சிங்காவைக் கூப்பிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்வார் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விட்டார். லாரியிலிருந்து கட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்தார். சுத்தியல் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டையைத் தட்டி இறுக்கிவிட்டு,

"கைய எடு" என்றார்.

"எடுத்தா விழாதாப்பா?"

"நான் வெச்ச முட்டு விழாது."

எடுத்தேன். விழவில்லை. அவர் சாப்பிடப் போய்விட்டார். பட்டாணி சூப். வழக்கம்போல நன்றி ஜெபம், வழக்கம்போல வேத வாசிப்பு, வழக்கம்போல அம்மாவின் நாற்காலி. ட்ரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் இன்று காலை போய்ப் பார்த்தேன். நான் பிடுங்கி எறிந்த அலமாரிகளை யாரோ எடுத்து, புல்லில் வரிசையாக வைத்து, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். அழுகின மரத்துக்கு யாராவது தார்ப்பாய் போடுவார்களா? அளவெடுக்கத்தான் போடுவார்கள்!

தலையில் வீக்கம் இருக்கிறது. அறிவு வளர்கிறது என்று நினைக்கிறேன்.

தூண் ட்ரீனா


மே 6

ட்ரீனா,

அப்பாவா முட்டுக் கொடுத்தார்? நீ விளையாடவில்லையே? இந்த விஷயத்தில் விளையாடாதே.

சரி, கேள். வெளித்தகடு கழற்றும்போது ஒவ்வொரு தகட்டுக்கும் பின்பக்கம் எண் எழுது. கீழிருந்து மேலே போகாதே, மேலிருந்து கீழே வா. பழைய சுவர் எவ்வளவு சிதைந்திருந்தாலும் எறியாதே, தரையில் கிடத்தி அதையே அச்சாக வைத்துப் புதியது வெட்டு. கூரையின் வளைவுச் சட்டங்கள் அதே அளவில் இருக்க வேண்டும். கால் அங்குலம் பிசகினால் தகடு திரும்ப உட்காராது. தகடுகள் சேரும் இடத்தில் சிலிக்கோன் பசை பூசிவிடாதே. எல்லோரும் செய்கிற தப்பு அது. தண்ணீர் உள்ளே போவதை அது நிறுத்தாது, வெளியே வருவதைத்தான் நிறுத்தும். ஒட்டும் நாடா இருக்கிறது, சாம்பல் நிறத்தில், அதை வை. வரைபடம் பின்பக்கத்தில்.

என் பெயரைச் சொன்னாரா? ஒரு தடவையாவது?

அந்தக் கல்யாணத்திலிருந்து வரும் வழியில் அம்மா போனதற்கு அப்புறம் அவர் என்னிடம் பேசியது நீதிமன்றத்தில்தான். அதுவும் என்னிடம் இல்லை. நீதிபதி கேட்டார், அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று. "மகன் குடிச்சிருக்கான்னு தெரிஞ்சும் மனசு நோகக் கூடாதுன்னு அவன் ஓட்டின கார்ல ஏறியிருப்பா. அவ அப்படித்தான்" என்றார். உட்கார்ந்துவிட்டார். நாலு வருடமாக அந்தக் குரல்தான் எனக்குக் கேட்கிறது.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பேனா மை நன்றாக இருக்கிறது, அடித்தாலும் தெரியும்.

தலையில் ஐஸ் வை.

ஹார்லன்


ஜூலை 21

அன்புள்ள அண்ணா,

பத்து விரலும் நீலமாக இருக்கிறது. புளூபெர்ரி. யாரையாவது கொலை செய்தால் ரேகை எடுக்கத் தேவையில்லை.

முதலில் தேவாலயச் செய்தி. பிரசங்கத்தின் நடுவில் எல்லோரும் பெப்பர்மின்ட் மிட்டாய் கைமாற்றுவார்களே, நம் வரிசையில் சுற்றும் டப்பாவில் வயிற்று எரிச்சல் மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். பார்க்க ஒரே மாதிரி வெள்ளை. டீக்கன் மூன்று எடுத்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்குப் பிரசங்கம் ஜீரணம் ஆனது. அப்பா எனக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவும் தண்டனை கொடுத்தார். ஆனால் அறிவித்தபோது உதட்டோரம் என்னவோ நடந்தது. சத்தியமாக.

இப்போது பெரிய செய்தி. கோழி வீடு எழுந்து நிற்கிறது!

நான் இதுவரை உனக்கு முழுதாக எழுதவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். மே மாதத்தில் நான் ஒரு வளைவுச் சட்டம் வெட்டினேன். வாழைப்பழத்துக்கு உறவுக்காரன் மாதிரி இருந்தது. மறுநாள் அது இருந்த இடத்தில் வேறொன்று இருந்தது. கோடு போட்டு, வெட்டி, இழைப்புளி போட்டு, கன்னத்தில் வைத்தால் வழுக்கும். அதற்குப் பிறகு ஞாயிறு தவிர தினமும், வேலையிலிருந்து வந்ததும் பைன் மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறார். எதிரெதிரே நின்று வேலை செய்கிறோம். "பிடி." "விடு." "அதில்ல, அது." இதுதான் எங்கள் உரையாடல். உன் வரைபடத்தைச் சுவரில் குத்தி வைத்தேன். யார் வரைந்தது என்று கேட்கவில்லை. உன் எழுத்து அவருக்குத் தெரியாதா? ஒரு நாள் வரைபடத்தைப் பார்த்து, "இது சரி" என்றார். அண்ணா, 'சரி' என்றார்! அகராதியைத் திருத்த வேண்டும்.

இன்னும் கேள். கதவு. பழைய கதவு பொடியாகிவிட்டது. அதன் ஒரு பக்கம் வளைவு, யாராலும் சுலபமாகச் செய்ய முடியாது. அப்பா ஆஷ் என்ற கெட்டி மரத்தில் செய்தார். சட்டத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, "உயரம் போதுமாப்பா?" என்று சும்மா கேட்டேன்.

"அவன் குனிய வேண்டியிருக்கும்" என்றார்.

அவன்!

நான் கையில் இருந்த திருகாணியையெல்லாம் கீழே போட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் பார்த்தால் நிலைச்சட்டத்தைப் பிரித்து நாலு விரல் உயர்த்திக் கட்டியிருக்கிறார், கதவும் புதிதாக. நான் நுழையத் தேவையில்லாத உயரம். அவர் நுழையவும் தேவையில்லாத உயரம். நம் வீட்டில் அந்த உயரம் ஒருத்தனுக்குத்தான் இருக்கிறது.

நான் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும். நீயே சொல், இதற்கு மேல் சம்மதம் எப்படி இருக்கும்? முத்திரை குத்தி, ரிப்பன் கட்டி வருமா?

விண்ணப்பத்தில் எழுது அண்ணா. முகவரி: கெரிட் ஹூக்ஸ்மா வீடு, பைன் மரங்களுக்குப் பின்னால்.

நீலக்கை ட்ரீனா


ஜூலை 30

ட்ரீனா குட்டி,

எழுதிவிட்டேன். அந்தப் படிவத்தில் 'தங்குமிடம்' என்ற இடம் இருக்கிறது. எல்லோரும் அதை முதலில் நிரப்புவார்கள். நான் கடைசியில் நிரப்பினேன். நம் தெருப் பெயரை எழுதும்போது எழுத்துப்பிழை வந்துவிட்டது. புதுப் படிவம் வாங்க வேண்டியிருந்தது.

பரோல் அதிகாரி திருமதி பெக்வித் என்று ஒருவர். செப்டம்பரில் இடத்தைப் பார்க்க வருவார். நில உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

நீ அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடு. நான் வருவதற்கு இஷ்டமா என்று. அவர் வாயால் வரட்டும்.

இல்லை, கேட்காதே. நீ சொன்னதுதான் சரி.

நானே அவருக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'அன்புள்ள அப்பா' என்று எழுதினேன். அடுத்த வரிக்கு என்ன எழுதுவது? எதை எழுதினாலும் அது அம்மாவைப் பற்றியதாகிவிடும். எழுதாவிட்டாலும் அதே. காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

கதவைப் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், சிரிப்பாய். பக்கத்து அறைக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அவன், "உங்கப்பன் நல்ல மனுஷன்டா" என்றான். ஆமாம் என்றேன். நாலு விரலா?

கொஞ்ச நாளாக நான் தூங்குகிறேன். சொன்னால் உனக்குப் புரியாது. கண்ணை மூடினால் அந்தச் சாலைதான் வரும். இப்போது சில நாள் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் ஒரு கதவைத் திறந்து, குனியாமல் வெளியே வருகிறேன். புல் ஈரமாக இருக்கிறது. அவ்வளவுதான் கனவு. வேறு ஒன்றும் நடப்பதில்லை.

சக்கரத்தின் அச்சுக்குக் கிரீஸ் போடு.

ஹார்லன்


செப்டம்பர் 19

அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருமதி பெக்வித் இன்று சாயங்காலம் வந்தார். நல்ல அம்மா. நேர் முதுகு நாற்காலி மாதிரி நிமிர்ந்து இருந்தார். நான் ஜன்னலுக்கெல்லாம் கோடு போட்ட திரை தைத்துப் போட்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். அலமாரிகளைத் திறந்து மூடினார். "என் வீட்டு அலமாரியே இப்படி மூடாதும்மா" என்றார். கூரை ஒழுகுமா என்று கேட்டார். அப்பா லாரியிலிருந்து இறங்கி அப்படியே வந்து நின்றிருந்தார்.

"ஒழுகாது" என்றார்.

"எல்லாம் நீங்க செஞ்சதா மிஸ்டர் ஹூக்ஸ்மா?"

"பொண்ணும் செஞ்சா."

திருமதி பெக்வித் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "அப்ப நிலத்துக்கு உரிமையாளரா இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. உங்க மகன் ஹார்லன் இங்க தங்கறதுக்கு உங்களுக்குச் சம்மதம்னு. அவ்வளவுதான் பாக்கி."

அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட யாரும் கேக்கல" என்றார்.

"இப்ப நான் கேக்கறேன் சார்."

"அப்ப சொல்றேன். முடியாதுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை அண்ணா. ஏதோ வேறு விஷயம் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"அப்பா, என்னப்பா சொல்றீங்க? கதவ அவன் உயரத்துக்குத்தானே வெச்சீங்க?"

"ஆமா."

"அப்புறம்?"

"கதவுன்னா யார் நுழைஞ்சாலும் இடிக்கக் கூடாது. அது வேலை."

"பொய் சொல்லாதீங்க. 'அவன்'னு சொன்னீங்க. நான் கேட்டேன்."

திருமதி பெக்வித் காகிதத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அவனுக்காகக் கதவு செய்ய என்னால முடிஞ்சுது. கை செஞ்சுது. அந்தக் கதவத் தொறந்துக்கிட்டு அவன் வெளிய வர்றத தினமும் சமையலறை ஜன்னல் வழியா நின்னு பாக்கணும். அவ நின்ன ஜன்னல். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. இருக்குன்னு கையெழுத்துப் போட்டா அது பொய்."

பிறகு அந்த அம்மாவிடம், "உங்களுக்கு வீண் அலைச்சல். மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி, அவர் காருக்குப் பின்னால் இருந்த மரக்கிளையை நகர்த்தி வழிவிட்டார்.

வேறு யாருடைய நிலமாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல் என்று திருமதி பெக்வித் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்கரையில் ட்ரெய்லர் நிறுத்தும் இடமெல்லாம் முகவரி ஆகாதாம். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்சிங்காவிடம் போனேன். அதே மூலைதான், வண்டி முன்பு நின்ற இடம்தான், கோழிகளுக்குக் கொடுத்த இடம்தானே என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேற என்ன வேணும்னாலும் கேளும்மா. இது வேணாம். உங்கம்மா என் பொண்ணுக்கு பியானோ சொல்லிக் குடுத்தவ."

சித்தி அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறாள். பாஸ்டர் ஜெபிக்கிறேன் என்றார்.

நான் கேட்டிருக்க வேண்டும். மே மாதமே கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை, அதனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அண்ணா, மன்னித்துவிடு.

ட்ரீனா


அக்டோபர் 11

ட்ரீனா,

வாரியம் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான். தங்குமிடம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கூப்பிடுவார்கள்.

உன் தப்பு ஒன்றும் இல்லை. நானும்தான் கேட்காதே என்று எழுதினேன்.

அப்பா சொன்னதில் பொய் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். கதவைத் திறப்பதுவரைதான் கனவில் வந்தது. திறந்தால் எதிரே அந்த ஜன்னல்தான் இருக்கும் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை? அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பைன் மரங்களை நட்டபோது தண்ணீர் ஊற்றியவன். எனக்கும் அந்த ஜன்னலைப் பார்க்கத் தெம்பு இல்லை. அவருக்கு அதைச் சொல்லத் தைரியம் இருந்தது, எனக்கு இல்லை.

வண்டியை விற்றுவிடு. நல்ல வேலை, வாங்க ஆள் வரும். அந்தக் காசில் நீ எங்கேயாவது படிக்கப் போ. தூரமாகப் போ.

கதவைப் பற்றி மட்டும் இனிமேல் எழுதாதே. அவர் மறுத்ததைத் தாங்கிக்கொள்கிறேன். அளவு பார்த்து வைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாலை திரும்ப வருகிறது.

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

ஹார்லன்


1997 ஜனவரி 26

அண்ணா,

கொஞ்ச நாள் என்றாய். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அந்த அகராதியில் இல்லை. அதனால் எழுதுகிறேன். பதில் போட வேண்டாம்.

வண்டியை விற்கவில்லை. விற்கத்தான் நினைத்தேன். நவம்பரில் ஒஹையோவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா உள்ளே போனதும் கன்னத்தில் கை வைத்து, "அய்யோ, எவ்வளவு அழகு!" என்றாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. இதில் செத்த கோழிகளின் ஆவி இருக்கிறது, முட்டை போடும் நேரத்தில் கொக்கரிக்கும் என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. போய்விட்டார்கள். இதுதான் இந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே குறும்பு. அதுவும் உப்பில்லாத குறும்பு.

அப்பாவும் நானும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஹாம் பன். உப்பை எடு என்றால் எடுத்துக் கொடுப்பேன். அக்டோபர் முழுக்க அதுகூடப் பேசவில்லை. உன் விஷயத்தில் வாரியம் என்ன சொன்னது என்று நானே ஒரு நாள் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஏரியிலிருந்து வரும் பனி நிற்கவே இல்லை. எல்சிங்காவின் கொட்டகை இறங்கிவிட்டது. நம் ட்ரெய்லரின் கூரைச் சட்டங்கள் விரல் பருமன்தான், நீ சொன்ன மாதிரி. வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது பைன் மரத்துக்குப் பின்னால் சரக் சரக் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். அப்பா ஏணி போட்டு ஏறி, கூரையிலிருந்து பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். கீழே கிடந்த குவியலைப் பார்த்தால் முதல் நாள் இல்லை என்று தெரிந்தது. தினமும் வாருகிறார் போலிருக்கிறது, நான் எழுந்திருப்பதற்கு முன்னால்.

"யாருக்காகப்பா வாருறீங்க?" என்றேன்.

"பனி கனம்" என்றார்.

இந்தத் தடவை நான் விடவில்லை. ஏணிக்குக் கீழே போய் நின்று, வாய் திறந்து, பெயர் சொல்லிக் கேட்டேன்.

"அடுத்த தடவை ஹார்லனுக்காக அந்தம்மா வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

மண்வாரி நின்றது. கூரைமேல் கொஞ்சம் பனி தானாகச் சரிந்து என் காலில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வார ஆரம்பித்தார்.

போன வருடமாக இருந்தால் இதற்குள் உனக்கு மூன்று பக்கம் எழுதியிருப்பேன். முடியாது என்று சொல்லவில்லை அண்ணா, அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா என்று குதித்திருப்பேன். நீயும் தூங்க ஆரம்பித்திருப்பாய்.

எழுத மாட்டேன். கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பனி வாரினார். நடந்தது இவ்வளவுதான்.

ட்ரீனா